பூஞ்சாண நோய்க்குத் தாவரச் சாறு: கம்பம் பள்ளத்தாக்குக்கும் ஏலமலைக்கும் ஒரு முழு வழிகாட்டி

கம்பம், கூடலூர், சின்னமனூர்ப் பக்கத்து விவசாயிகள் பலருக்குக் கீழே ஒரு தோட்டம், மேலே ஒரு தோட்டம். கீழே பன்னீர் திராட்சையும் வாழையும் நெல்லும் தக்காளியும். மலையேறினால் வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை வட்டாரத்தில் ஏலமும் மிளகும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மேலே நாள்கணக்கில் மழை நிற்காது. அதன் சாரல் குமுளி வழியாகக் கீழேயும் இறங்கி, திராட்சைப் பந்தலில் இலை காய விடாமல் வைத்திருக்கும். பூஞ்சாணத்துக்கு வேண்டியது அதுதான்: இலைமேல் சில மணி நேரம் நிற்கிற ஈரம்.

மருந்துக்கடையில் கொடுத்ததையெல்லாம் அடித்துவிட்டு, பிறகு ஏலக்காயில் மருந்து எச்சம் இருக்கிறது என்று விலை குறைவதைப் பார்க்கிறோம். அதனால்தான் இப்போது வேப்பெண்ணெய், பூண்டுக் கரைசல், இலைச்சாறு என்று எல்லோரும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் இதை அடித்துப் பார்த்து, "ஒண்ணும் கேட்கலை" என்று கைவிட்டவர்களும் நிறைய. அவர்களில் பெரும்பாலோர் விட்ட இடம் ஒன்றே: நோய் கண்ணில் பட்ட பிறகு அடித்திருக்கிறார்கள். தாவரச் சாறு காப்பு மருந்து. பூஞ்சாணத்தின் வித்து (நோயைப் பரப்பும் நுண்துகள்) முளைத்து இலைக்குள் நுழைவதைத் தடுக்கும். நுழைந்து உள்ளே ஓடிவிட்ட பூஞ்சாணத்தை வெளியே இழுக்காது. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதை வைத்துத்தான்.

படி 1: எதிரி யார் என்று முதலில் பாருங்கள்

"பூஞ்சாணம்" என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு வேறு கூட்டம் இருக்கிறது. சாம்பல் நோய், இலைப்புள்ளி, ஆந்த்ரக்னோஸ், குலைநோய், வாழையின் சிகடோகா, பனாமா வாடல் எல்லாம் உண்மையான பூஞ்சாணங்கள். இவற்றின் செல் சவ்வில் பெரும்பாலும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் இருக்கும். திராட்சையின் அடிச்சாம்பல், மிளகின் விரைவு வாடல், ஏலத்தின் அழுகல், நாற்றங்காலில் நாற்று அழுகுவது ஆகியவற்றுக்குக் காரணமானவை ஊமைசீட்டுகள் (oomycetes) என்ற வேறு இனம். பைட்டோப்தோரா, பித்தியம், பிளாஸ்மோபாரா என்று பெயர் கேட்டிருப்பீர்கள். இவற்றின் செல் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸ். எர்கோஸ்டெராலைத் தானே தயாரிப்பதில்லை. தண்ணீரில் நீந்திப் போகும் வித்துகள் இவற்றுக்கு உண்டு. மழைத்தண்ணீர் ஓடும் பாதையெல்லாம் நோயும் ஓடுவது அதனால்தான்.

விவசாயிக்கு இது எதற்கு என்று கேட்கலாம். எர்கோஸ்டெராலைக் குறிவைக்கும் மருந்து, கடையில் வாங்கியதானாலும் சரி, இந்த இரண்டாவது கூட்டத்திடம் எடுபடாது. தாவரச் சாறுகளில் சில ஆய்வகத் தட்டில் பைட்டோப்தோராவை நிறுத்துகின்றன. ஆனால் இடுக்கி மழையில் செடிமேல் அது நிற்பதற்குள் கழுவிப் போய்விடும். ஆகவே மிளகின் விரைவு வாடலுக்கும் ஏல அழுகலுக்கும் இலைச்சாற்றை நம்பி இருக்காதீர்கள். மழைக்கு முன்னாலேயே, மே கடைசிக்குள், 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த செம்பு மருந்து) அடிப்பது, வடிகால் வெட்டுவது, காய்ந்த தட்டையும் சருகும் நீக்குவது, நிழலை அளவாகக் கழிப்பது, வேரில் தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தை இடுவது, இவைதான் அங்கே முதல் வேலை. மண்ணுக்கு வேப்பம்புண்ணாக்கு சேர்ப்பது நல்லது. அதை மருந்தென்று நினைக்காமல் மண்ணைத் தேற்றும் பொருளாக நினையுங்கள்.

சாம்பல் நோயையும் அடிச்சாம்பலையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். சாம்பல் நோயில் இலையின் மேல்பக்கமே மாவு தூவியதுபோல் இருக்கும். விரலால் துடைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். அடிச்சாம்பலில் மேல்பக்கம் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூசணம். விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள், தெளிவாகத் தெரியும். சாம்பல் நோய்க்கு எண்ணெய்வகை மருந்து நன்றாக வேலை செய்யும். அடிச்சாம்பலுக்குச் செம்புவகை மருந்தே நம்பகமானது.

படி 2: எந்தச் செடியில் என்ன இருக்கிறது

செடிகள் நமக்காக மருந்து தயாரிப்பதில்லை. பூஞ்சாணத்தோடு அவையே போராட வேண்டியிருப்பதால் தயாரிக்கின்றன. நம் பந்தலில் நிற்கும் திராட்சைக் கொடியே, பூஞ்சாணம் தாக்கினால் ரெஸ்வெராட்ரால் என்ற பொருளை இலையில் சுரந்து எதிர்த்து நிற்கும். அந்த வலிமை எந்தப் பொருளில் இருக்கிறது, அது எதனால் கெட்டுப்போகும் என்று தெரிந்தால் தயாரிப்பில் பிழை வராது.

பூண்டு. முழுப் பல்லில் மருந்து இல்லை. அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. அந்த நெடி அதுதான். பூஞ்சாணத்தின் நொதிகளில் கந்தகம் இருக்கும் இடத்தைப் பிடித்து அவற்றை முடக்கும். பூண்டை வேகவைத்து நசுக்கினால் நொதி செத்துப்போகும், அல்லிசினே வராது. நசுக்கியதை நாள்கணக்கில் வைத்தாலும் அது சிதைந்துவிடும். பூண்டைக் கொதிக்க வைத்துக் கஷாயமாக அடிப்பதில் பயன் குறைவு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். வடுகபட்டிச் சந்தையில் கழித்துப்போடும் உதிரிப் பல் இதற்குப் போதும். கொடைக்கானல் மலைப்பூண்டு வாங்க வேண்டியதில்லை.

வேம்பு. அசாடிராக்டின் என்று டப்பாவில் 300, 1500, 10000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என அச்சிட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் பூச்சிக்கான எண். பூஞ்சாணத்துக்கு வேலை செய்வது எண்ணெயும் அதில் கலந்திருக்கும் மற்றப் பொருள்களும்தான். வித்தின்மேல் படலமாகப் படிந்து முளைக்க விடாது. ஆகவே சாம்பல் நோய்க்காக வாங்கும்போது பிபிஎம் எண்ணைப் பார்த்து அதிக விலை கொடுக்க வேண்டாம். செக்கில் ஆட்டிய நல்ல எண்ணெய் போதும்.

வாசனை எண்ணெய்கள். கிராம்பிலும் துளசியிலும் யூஜினால், ஓமத்தில் தைமால், பட்டையில் சின்னமால்டிஹைடு, எலுமிச்சைப்புல்லில் சிட்ரால். இவை பூஞ்சாணத்தின் செல் சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதைக் கசிய விடுகின்றன. வீரியம் அதிகம், வெயிலில் ஆவியாகிப் போவதும் வேகம். மறையூர்ப் பக்கம் காய்ச்சும் புல்தைலம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. தோட்டத்து ஓரத்தில் புல் நட்டு இலையை அரைத்து அடித்தால் அதே பலன் வராது. இலையில் எண்ணெய் மிகக் குறைவு.

கடுகு. பூண்டு மாதிரியேதான்: சினிக்ரின் என்ற பொருள் ஈரத்தில் நொதியோடு சேர்ந்து, கண்ணெரியும் ஐசோதயோசயனேட்டாக மாறுகிறது. மண்ணில் இருக்கும் பூஞ்சாணத்துக்கு இதுதான் கையில் இருப்பதில் வலுவானது.

வெற்றிலை, மருதாணி, நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக்கருவேல் இலைகளிலும் பூஞ்சாணத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. நெல்லில் இலையுறை அழுகலுக்கு, நெய்வேலிக் காட்டாமணக்கு இலைத்தூள் சாற்றையோ சீமைக்கருவேல் இலைத்தூள் சாற்றையோ ஹெக்டேருக்கு 25 கிலோ தூள் கணக்கில் அடிக்கலாம் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கண்மாய்க் கரையில் சும்மா கிடக்கும் செடிகள், செலவே இல்லை.

மஞ்சள்தூளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். குர்குமின் தண்ணீரில் கரையாது, வெயில் பட்டால் சிதையும். டேங்கின் அடியில் படிந்து நாசிலை அடைக்கும். தெளிப்பதற்கு அதை நான் சொல்வதில்லை.

படி 3: தயாரிப்பு

வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல், 5 சதவீதம். ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கி, சதையை நீக்கி, நிழலில் உலர்த்திக் கோணிப்பையில் வையுங்கள். பாலிதீன் பையில் வைத்தால் பூசணம் பிடிக்கும். எடுத்து மூன்று மாதம் ஆகாத கொட்டையும் வேண்டாம், எட்டுப் பத்து மாதம் தாண்டியதும் வேண்டாம். 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ. மெதுவாக இடித்துத் தூளாக்குங்கள். 5 கிலோவுக்கு 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மரக்கட்டையால் கலக்கினால் பால் மாதிரி வெள்ளையாக வர வேண்டும். பழுப்பாக வந்தால் கொட்டை கெட்டது, கொட்டிவிடுங்கள். இரட்டை மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்து அன்றைக்கே அடித்து முடித்துவிடுங்கள்.

வேப்பெண்ணெய். இங்கேதான் அதிகம் கெடுகிறது. எண்ணெயை நேரே டேங்கில் ஊற்றினால் மிதக்கும். முதல் வரிசைக்குத் தண்ணீரும் கடைசி வரிசைக்கு வெறும் எண்ணெயும் போய், கடைசி வரிசை கருகும். முதலில் காதி சோப்பைச் சுடுதண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். அதில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வெண்மையாகத் திரளும்வரை அடியுங்கள். பிறகு தண்ணீர் சேருங்கள். கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள்: மேலே எண்ணெய் வட்டம் மிதந்தால் இன்னும் சோப்பு வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிதிரியாகத் திரிந்துபோகும். அப்போது வாய்க்கால் தண்ணீரோ மழைத்தண்ணீரோ பயன்படுத்துங்கள், அல்லது சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த நுரைத்தண்ணீரை எடுங்கள்.

அளவு பயிருக்குப் பயிர் மாறும். நெல்லின் இலையுறை அழுகலுக்கு லிட்டருக்கு 30 மில்லி என்பது பரிந்துரை. அதே அளவைத் திராட்சையின் தளிர் இலையில் அடித்தால் கருகிவிடும். திராட்சையிலும் காய்கறியிலும் லிட்டருக்கு 5 மில்லியில் தொடங்குங்கள்.

பூண்டுக் கரைசல். 10 லிட்டர் டேங்குக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை. தோலோடு நன்றாக நசுக்கி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில்தான் அல்லிசின் உருவாகும். அப்புறம் பச்சைத்தண்ணீர் ஊற்றிப் பிழிந்து, வடிகட்டி, உடனே அடியுங்கள். மண்ணெண்ணெய் சேர்க்கச் சொல்வார்கள். பூஞ்சாணத்துக்கு அது தேவையே இல்லை, இலைதான் கெடும்.

இலைச்சாறு, 10 சதவீதம். ஒரு கிலோ பச்சை இலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து, 10 லிட்டராக்குங்கள். எருக்கிலையை எடுத்தால் கண்ணில் பால் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வையையே பாதிக்கும். ஊமத்தையைக் காய்கறியிலும் பழத்திலும் அடிக்கவே கூடாது. அதன் விஷம் மனிதனையே பாதிக்கும். புகையிலைக் கஷாயமும் அப்படித்தான், அதுவும் அது பூச்சிக்கான மருந்து, பூஞ்சாணத்துக்கு அல்ல.

புல்தைலம், கிராம்பு எண்ணெய். லிட்டருக்கு 1 மில்லிக்கு மேல் முதல் தடவையே போகாதீர்கள். கிராம்பு எண்ணெய் கூடுதல் அளவில் களைக்கொல்லியாகவே பயன்படுகிறது என்றால் அதன் வேகம் புரியும். வேப்பெண்ணெய் போலவே சோப்பில் குழைத்த பிறகுதான் தண்ணீர்.

படி 4: தோட்டம் முழுக்க அடிக்கும் முன் ஒரு கொடியில் பாருங்கள்

இதைத் தவிர்க்கிறவர்கள் அதிகம், வருத்தப்படுகிறவர்களும் அவர்களே. வீட்டில் தயாரிக்கும் சாற்றின் வீரியம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது. கொட்டையின் வயது, இலை பறித்த பருவம், அரைத்த விதம் எல்லாம் அதை மாற்றும். தளிர், முதிர்ந்த இலை, பூ, பிஞ்சு எல்லாம் உள்ள ஒரே ஒரு கொடியில் மாலையில் அடித்துவிட்டு இரண்டு நாள் பொறுங்கள். இலை ஓரம் பழுத்தாலோ தளிர் சுருண்டாலோ அளவைப் பாதியாக்குங்கள்.

அடுத்தது, கேட்கிறதா என்று அறிவது. பந்தலில் ஒரு வரிசையை அடிக்காமல் விடுங்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனால் அந்த வரிசை இல்லாவிட்டால், நோய் குறைந்தது மருந்தாலா வெயில் அடித்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை இரண்டு பக்கத்திலும் ஐம்பது ஐம்பது இலைகளைப் பார்த்து, புள்ளி விழுந்தவை எத்தனை என்று ஒரு நோட்டில் குறியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வரிசையின் நடுவிலிருந்து பறியுங்கள். பார்த்துப் பறித்தால் நோய் கண்ட இலையையே கை தேடிப் போகும். மூன்று நான்கு வாரம் குறித்தால் உங்கள் மண்ணுக்கும் உங்கள் கொடிக்கும் எது கேட்கும் என்பது கையில் இருக்கும். எந்த ஆய்வுக்கூடத்தின் தட்டும் அதைச் சொல்லாது: தட்டில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

படி 5: எப்போது, எப்படி அடிப்பது

மாலை மூன்றரைக்கு மேல். வெயிலில் வேம்பின் பொருள்கள் சிதையும், வாசனை எண்ணெய் ஆவியாகும், எண்ணெய்ப் படலம் இலையைச் சுடும். ஏலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏலப்பூ விடியற்காலையில் விரியும். தேனீ வந்தால்தான் காய். காலையில் சோப்புத்தண்ணீர் தெளித்தால் தேனீயும் போகும், விளைச்சலும் போகும்.

இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். நாசிலை மேல்நோக்கித் திருப்பி அடியுங்கள். ஈரக்காலத்தில் ஏழிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை. நடுவில் பெருமழை பெய்தால் நாள் கணக்கு பார்க்காமல் மறுபடி.

திராட்சையில் கவாத்து முடிந்து மூன்று நான்கு இலை விரிந்ததும் தொடங்குங்கள், புள்ளிக்குக் காத்திருக்க வேண்டாம். கந்தகம் அடித்திருந்தால் இரண்டு வாரத்துக்கு எண்ணெய் அடிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். காயில் நிறம் ஏறத் தொடங்கிய பிறகு எண்ணெயை நிறுத்திவிடுங்கள். பன்னீர் திராட்சையின் மேல் இருக்கும் அந்த வெண்பொடியை எண்ணெய் எடுத்துவிடும், காய் பளபளவென்று வழுக்கும், வியாபாரி விலை குறைப்பார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம், தோற்றத்தையும் காக்க வேண்டும்.

டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணமே என்பதை மறக்காதீர்கள். பூண்டும் கடுகும் கிராம்பும் நல்லது கெட்டது பார்க்காது. ஒன்றாகக் கலக்காமல், இரண்டு வார இடைவெளி விடுங்கள்.

படி 6: நாற்றங்காலுக்குக் கடுகு

தக்காளி, மிளகாய் நாற்று அழுகும் பாத்திக்கு இதுதான் நான் முதலில் சொல்லும் வைத்தியம். பாத்தியில் கடுகு விதைத்து, பூக்கும் சமயத்தில் பிடுங்கி, எவ்வளவு பொடியாக முடியுமோ அவ்வளவு பொடியாக நறுக்கி மண்ணில் கலந்து, நன்றாகத் தண்ணீர் விட்டு, உடனே பாலிதீன் தாளால் மூடுங்கள். நெடி வெளியே போகக் கூடாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத் தாளை எடுத்து, மண்ணைக் கிளறி இன்னும் பத்து நாள் ஆற விடுங்கள். அப்புறம் ஓர் ஓரத்தில் கொஞ்சம் முள்ளங்கி விதை தூவுங்கள். அது ஒழுங்காக முளைத்தால் நாற்று விதைக்கலாம். முளைக்காவிட்டால் நெடி இன்னும் இருக்கிறது. கடுகு வளர்க்க நேரமில்லாதவர்கள் கடுகுப் புண்ணாக்கு இடலாம், ஆனால் ஆட்டும்போது அதிகம் சூடேறிய புண்ணாக்கில் நொதி செத்திருக்கும், வீரியம் இருக்காது. ஒரு பிடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து முகர்ந்து பாருங்கள். மூக்கில் ஏறினால் நல்லது.

படி 7: எதற்கு இதை நம்பக் கூடாது

வாழையின் பனாமா வாடல் மண்ணில் பல ஆண்டு உயிரோடு இருக்கும், வேர்வழியாக உள்ளே போகும். எந்தச் சாற்றை ஊற்றினாலும் வாடிய மரம் எழாது. நோயில்லாத தோட்டத்துக் கன்று, வாடிய மரத்தைக் கிழங்கோடு எடுத்து அழிப்பது, அந்தக் குழியில் மறுபடி செவ்வாழை வைக்காமல் இருப்பது, வேறு வழியில்லை. திராட்சையில் அடிச்சாம்பல் பூங்கொத்துக்கு ஏறிவிட்டால் இலைச்சாறு அடித்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருப்பது அந்தப் போகத்தையே விடுவதற்குச் சமம். அப்போது தகுந்த மருந்தை, அறுவடைக்கு முன் விடவேண்டிய நாள்களைக் கணக்கிட்டு அடியுங்கள். இயற்கை முறையில் நம்பிக்கை வைத்த எனக்கே இதைச் சொல்வதில் தயக்கமில்லை.

எந்த நோய் என்றே பிடிபடவில்லையானால் ஊகித்து அடிக்காதீர்கள். நோய் தொடங்கும் ஓரமும் நல்ல பகுதியும் சேர்ந்திருக்கும் இலைகளாகப் பறித்து, பாலிதீன் பையில் போடாமல் செய்தித்தாளில் மடித்து, அன்றைக்கே கொண்டுபோங்கள். திராட்சைக்கு ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏலத்துக்கு மலைமேல் மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனமும், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையமும் உண்டு. வாடிய மிளகுக்கொடியானால் இலை மட்டும் போதாது. வேரையும், அதைச் சுற்றியிருக்கும் ஒரு கை மண்ணையும் சேர்த்து எடுத்துப் போங்கள். கடைசியாக என்ன அடித்தீர்கள், என்றைக்கு அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.